நாய்க்கு வேலை தேடிய கேப்டன்

பெரிய வீடு. இரும்புக் கதவு. நாய்கள் ஜாக்கிரதை என்று ஒரு பலகை.

கதவைத் தட்டினால் உள்ளே இருந்து ஒரு குரைப்பு வரும். கூடவே ஒரு நாய் வரும். விறைத்து நிற்கும் காதுகள். கறுத்த முதுகு. பழுப்புக் கால்கள். பார்ப்பதற்கு ஓநாய் போல இருக்கும்.

நம் ஊரில் அதை அல்சேஷன் என்பார்கள். போலீஸ் நாய் என்றும் சொல்வார்கள். அதன் சொந்தப் பெயர் ஜெர்மன் ஷெப்பர்டு.

ஷெப்பர்டு என்றால் ஆட்டிடையன் என்று பொருள். திருடனைப் பிடிக்கும் நாய்க்கும் ஆடு மேய்ப்பவனுக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம் உண்டு. அந்த நாயின் பாட்டன், முப்பாட்டன் எல்லாம் ஆடு மேய்த்தவைதான்! மந்தையோடு திரிந்த நாயை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். அவர் பெயர் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ். நாய் வளர்ப்பவர்கள் உலகம் முழுவதும் அறிந்த பெயர் அது.

குதிரை வீரர்

ஸ்டெபானிட்ஸ் 1864-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி ஜெர்மனியில் உள்ள டிரெஸ்டன் நகரில் பிறந்தார். பிரபுக் குடும்பம். வாலிபர் ஆனதும் குதிரைப் படையில் சேர்ந்தார்.

ராணுவம் அவரைச் சிறிது காலம் பெர்லின் நகரத்துக் கால்நடை வைத்தியக் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே எலும்பு, தசை, மூட்டு எல்லாவற்றையும் படித்தார். எந்த மாதிரித் தோள் இருந்தால் ஒரு மிருகம் களைக்காமல் ஓடும், எந்த மாதிரி இடுப்பு இருந்தால் சீக்கிரம் தளர்ந்து போகும் என்று தெரிந்து கொண்டார். குதிரைக்காகப் படித்த படிப்பு, பிற்காலத்தில் நாய் விஷயத்தில் அவருக்குக் கை கொடுத்தது.

போர்ப் பயிற்சிக்காகப் பட்டாளம் கிராமங்கள் வழியே போகும். அப்போது வயல் வெளிகளில் ஒரு காட்சியைக் கண்டார். குதிரையை நிறுத்திவிட்டுப் பார்த்துக் கொண்டே நின்றார்.

ஓடும் வேலி

ஜெர்மன் கிராமங்களில் அந்தக் காலத்தில் வயலுக்கு வேலி கிடையாது. இந்தப் பக்கம் ஒருவருடைய கோதுமை. அந்தப் பக்கம் இன்னொருவருடைய கிழங்குத் தோட்டம். நடுவே கொஞ்சம் புல். அந்தப் புல்லில்தான் சில நூறு ஆடுகளை மேய்க்க வேண்டும். ஓர் ஆடு பயிரில் வாய் வைத்தாலும் இடையனுக்கு வம்பு வரும்.

இடையன் ஓர் ஓரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு நிற்பான். வேலை எல்லாம் நாய்க்குத்தான். புல்லுக்கும் பயிருக்கும் நடுவே உள்ள உழவுசாலில் அது ஓடும். இந்தக் கோடிக்குப் போகும். திரும்பும். அந்தக் கோடிக்குப் போகும். காலையில் இருந்து பொழுது சாயும் வரை இதே ஓட்டம். எந்த ஆடாவது எல்லையைத் தாண்டித் தலையை நீட்டினால், நாய் அங்கே போய் நிற்கும். ஆடு தலையை இழுத்துக் கொள்ளும்.

நாய் நாள் முழுவதும் ஓடும் வேலி! மந்தையோடு ஊர் ஊராகப் போய்க் கிடை போடும் நம் கீதாரிகளுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே புரியும்.

இந்த வேலைக்குக் கால் பலம் வேண்டும். அது மட்டும் போதாது. இடையன் தூரத்தில் நிற்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன் சொல்லிக் கொண்டிருக்க முடியாது. நாயே பார்த்து, நாயே முடிவு செய்ய வேண்டும். ஆட்டைக் காயப்படுத்தாமல் அடக்கி வைக்கும் பொறுமையும் வேண்டும். பலமும், புத்தியும், பொறுமையும் ஒரே நாயிடம் இருப்பதை ஸ்டெபானிட்ஸ் கண்டார். இந்த நாயை விடக்கூடாது என்று நினைத்தார்.

ஆனால் ஒரு சிக்கல். அப்போது ஒரே மாதிரியான நாய் நாடு முழுவதும் இல்லை. துரிஞ்சியா பக்கத்து மந்தை நாய்க்குக் காது அழகாக விறைத்து நிற்கும். சாம்பல் நிறம், நல்ல சுறுசுறுப்பு. ஆனால் உருவம் சிறியது, வால் சுருண்டு கொள்ளும். வூர்ட்டம்பர்க் பக்கத்து நாய் பெரியது, அமைதியானது. அதற்குக் காது சரியாக நிற்காது. இரண்டு பக்கத்து நல்ல குணங்களையும் ஒரே நாயில் சேர்க்க முடியுமா?

1891-ல் பைலாக்ஸ் என்று ஒரு சங்கம் இந்த முயற்சியில் இறங்கியது. சங்கத்தில் சண்டை வந்தது. அழகுக்காக வளர்ப்பதா, வேலைக்காக வளர்ப்பதா என்பதுதான் சண்டை! சில வருஷங்களிலேயே சங்கம் கலைந்து போயிற்று.

காதலால் போன வேலை

1898-ல் ஸ்டெபானிட்ஸ் கேப்டன் ஆனார். அடுத்துப் பெரிய பதவிகள் காத்திருந்தன. ஆனால் அவர் ஒரு நாடக நடிகையை மணந்தார். ஓர் அதிகாரி யாரைக் கல்யாணம் செய்து கொள்ளலாம் என்பதற்குக் கூட அன்றைய ஜெர்மன் ராணுவத்தில் கட்டுப்பாடு உண்டு. நடிகையை மணந்தவர் அதிகாரியாக இருக்கக்கூடாது என்றார்கள். அவர் ராணுவத்தை விட்டு வெளியேறினார்.

முப்பத்து நான்கு வயது கூட நிரம்பவில்லை. நடுத்தெருவில் நிற்க வேண்டிய நிலை இல்லை, சொத்து இருந்தது. பவேரியாவில் கிராப்ராத் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் குடியேறினார். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் சுபாவம் அவருக்கு இல்லை. ராணுவத்துக்குக் கொடுத்திருக்க வேண்டிய உழைப்பை எல்லாம் நாய்க்குக் கொடுத்தார்.

முதல் நம்பர்

1899-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு நாய்க் கண்காட்சி. ஸ்டெபானிட்ஸ் ஒரு நண்பருடன் போயிருந்தார்.

அங்கே ஒரு நாயைப் பார்த்தார். நான்கு வயது. சுமார் 2 அடி உயரம். ஓநாய் போன்ற நிறம். பலமான எலும்பு. பெயர் ஹெக்டர். மந்தை நாய்களின் வழியில் வந்தது. அவர் மனதில் பல வருஷமாக இருந்த நாய், கண் முன்னே நின்றது!

அங்கேயே விலை பேசி வாங்கிவிட்டார். ஹோராண்டு என்று புதுப் பெயர் வைத்தார். அதே மாதம் 22-ந் தேதி ஜெர்மன் மந்தை நாய்ச் சங்கம் பிறந்தது. ஸ்டெபானிட்ஸ் தலைவர். ஆடு வளர்ப்பவர்கள், ஆலை முதலாளிகள், ஒரு மேயர், விடுதி நடத்தும் ஒருவர் எல்லாரும் சேர்ந்தார்கள். நாய்களின் வம்சத்தை எழுதிவைக்க ஒரு பதிவேடு திறந்தார்கள். அதில் முதல் நம்பர் ஹோராண்டு.

ஹோராண்டின் குணத்தைப் பற்றி ஸ்டெபானிட்ஸ் பிறகு விவரமாக எழுதினார். குட்டியாக இருந்தபோது அதற்கு யாரும் ஒழுங்காகப் பழக்கம் கொடுக்கவில்லை. எஜமான் பக்கத்தில் இருந்தால் ஒரு தலையசைப்புக்குக் கட்டுப்படும். குழந்தைகள் என்றால் உயிர். ஆனால் தனியாக விட்டால் போதும், அதைவிடப் பெரிய போக்கிரி கிடையாது! எப்போதும் ஓட்டம், வம்பு, சண்டை. இந்த நாய்க்கு இளமையில் ஒரு நல்ல வேலை பழக்கி இருந்தால் எப்படி வந்திருக்கும் என்று அவர் ஏங்கினார்.

நாய் கெட்டது அல்ல. அதற்கு வேலை இல்லை. இதை அவர் முதல் நாயிடமே தெரிந்து கொண்டார்.

ஆடு குறைந்தது

அவர் சங்கம் வைத்த நேரம் நல்ல நேரம் அல்ல. ஜெர்மனியில் ஆடு குறைந்து கொண்டே வந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்து மலிவான கம்பளி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. மேய்ச்சல் நிலங்கள் விளைநிலங்கள் ஆயின. 1860-களில் ஜெர்மனியில் 2 கோடிக்கு மேல் செம்மறி ஆடுகள் இருந்தன. முதல் உலகப் போர் வருவதற்குள் 60 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

ஆடு இல்லை என்றால் மந்தை நாய் எதற்கு? வேலை இல்லாத நாயைப் பணக்காரர்கள் அழகுக்காக வாங்கிச் சங்கிலியில் கட்டி வைப்பார்கள். அதோடு அதன் புத்தி மழுங்கிவிடும். ஸ்டெபானிட்ஸ் பயந்தது இதற்குத்தான்.

நாய்க்கு வேறு வேலை தேட ஆரம்பித்தார். போலீஸ் அதிகாரிகளிடம் போனார். மோப்பம் பிடிக்கும், காவல் காக்கும், ஆளை மடக்கும் என்று சொன்னார். முதலில் தயங்கினார்கள். மந்தை நாய்க்குப் போலீஸ் உத்தியோகமா என்று நினைத்தார்கள். பரீட்சை வைத்துக் காட்டியபின் ஏற்றுக்கொண்டார்கள். அவரை வேலையை விட்டுப் போகச் செய்த ராணுவமும் அவருடைய நாயைக் கேட்டு வந்தது. 1914-ல் தொடங்கிய போரில் இந்த நாய்கள் செய்தி கொண்டு போயின. காயம்பட்டுக் கிடந்த சிப்பாய்களைத் தேடிக் கண்டுபிடித்தன.

அந்தப் போரில் விஷப்புகையால் கண் இழந்தவர்கள் ஏராளம். ஜெர்மன் டாக்டர் ஒருவர், பார்வை இழந்த நோயாளியிடம் தம் நாயைச் சற்று நேரம் விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தார். நாய் அந்த மனிதரைக் கவனமாகக் காத்துக் கொண்டிருந்தது. அதில் இருந்து அவருக்கு ஒரு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1916-ல் ஓல்டன்பர்க் நகரில் கண் இழந்தவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி தொடங்கியது. ஆட்டைக் குழியில் விழாமல் காத்த நாய், மனிதனையும் காத்தது.

வீட்டுக்கு வந்த நாய்

போர் முடிந்தது. இந்த நாயின் புகழ் கடல் தாண்டியது. எதிரி நாட்டின் பெயர் பிடிக்காததால் பிரிட்டிஷார் அதற்கு 1919-ல் அல்சேஷன் என்று பெயர் சூட்டினார்கள். ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையில் உள்ள அல்சேஸ் பிரதேசத்தின் பெயர் அது. 1977-ல்தான் பழைய பெயரைத் திரும்பக் கொடுத்தார்கள். நாமோ இன்னும் அல்சேஷனை விடவில்லை!

அமெரிக்காவில் சினிமா இந்த நாயைப் பிடித்துக் கொண்டது. 1918-ல் பிரான்சின் போர்க்களத்தில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் கண்டெடுத்த குட்டி, ரின் டின் டின் என்ற பெயரில் பெரிய நட்சத்திரம் ஆயிற்று. படம் பார்த்த வீடுகளில் எல்லாம் குழந்தைகள் அதே நாய் வேண்டும் என்று அடம் பிடித்தார்கள்.

கிராக்கி வந்தால் வியாபாரம் வரும். வியாபாரிகள் குட்டிகளை இஷ்டப்படி பெருக்கினார்கள். பயந்த நாய், காரணம் இல்லாமல் கடிக்கும் நாய், நோஞ்சான் நாய் எல்லாம் விலைக்கு வந்தன. வாங்கிய வீட்டுக்காரர்கள் இந்த ஜாதியே பொல்லாதது என்றார்கள்.

ஸ்டெபானிட்ஸ் அப்போது ஒரு பெரிய புத்தகம் எழுதி இருந்தார். 1923-ல் அது ஆங்கிலத்திலும் வந்தது. வீட்டில் இந்த நாயை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர் சொன்ன விஷயங்களில் பல இன்றும் செல்லும்.

நாயின் அழகைப் பார்ப்பதற்கு முன் குணத்தைப் பார் என்பது அவர் கட்சி. குட்டி எல்லாமே அழகாகத்தான் இருக்கும். குட்டி வாங்கப் போகிறவர்கள் தாய் நாயைக் காட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அன்னியரைக் கண்டு தாய் நடுங்கி ஒளிந்தால், அல்லது காரணம் இல்லாமல் பாய்ந்தால், அந்தக் குட்டி வேண்டாம். 8 வாரம் ஆகும் வரை குட்டியைத் தாயிடம் இருந்து பிரிக்கக்கூடாது. ஒரு தாயிடம் 6 குட்டிகளுக்கு மேல் விட்டு வளர்க்கக்கூடாது என்று ஸ்டெபானிட்சின் சங்கம் விதி வைத்திருந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் போதுமான பால் வேண்டும் என்பதற்காகத்தான்.

நாயைக் கூண்டில் அடைத்து வளர்ப்பது அவருக்கு அடியோடு பிடிக்காது. மந்தை நாய் இடையனை விட்டு ஒரு நாளும் பிரியாது. அந்த வம்சத்துக் குட்டியை வீட்டுக்குப் பின்னால் தனியாக அடைத்தால் அது மனிதரைப் புரிந்து கொள்ளாமலே வளரும். மனிதர் நடுவே, குழந்தைகள் நடுவே, தெருச் சத்தத்தின் நடுவே வளர வேண்டும். அடித்துப் பழக்குவதும் கூடாது. எஜமான் பின்னால் வருவதில் நாய்க்கு முதலில் ஆசை பிறக்க வேண்டும். கட்டளை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த நாயைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பார்கள். குழந்தைகள் ஓடி விளையாடினால் நாய் சுற்றிச் சுற்றி ஓடும். சில சமயம் குதிகாலை மெல்லக் கவ்வப் பார்க்கும். வீட்டில் உள்ளவர்கள் கடிக்க வருகிறது என்று பதறுவார்கள். உண்மையில் அது மந்தையை மடக்குகிறது! ரத்தத்தில் ஊறிய தொழில். அந்த நேரத்தில் அடிக்காமல், கூப்பிட்டு வேறு வேலை கொடுத்தால் போதும். பந்தை எடுத்து வரச் சொல்லலாம். ஒளித்து வைத்த சாமானைத் தேடச் சொல்லலாம். காலையில் வாசலில் விழும் பத்திரிகையை எடுத்து வரச் சொல்லலாம். அதுவும் ஒரு வேலைதான். சின்னக் குழந்தையை மட்டும் எந்த நாயோடும் தனியாக விடக்கூடாது.

தினமும் காலையும் மாலையும் நன்றாக நடக்க வைக்க வேண்டும். நம்மைப் போன்ற வெயில் நாட்டில் வெயில் ஏறுவதற்கு முன்பும், இறங்கிய பிறகும்தான் நடத்த வேண்டும். இந்த நாய்க்கு மேல் முடி, உள் முடி என்று இரண்டு அடுக்கு உண்டு. வெயிலுக்கு நல்லது என்று சிலர் மொட்டை அடித்து விடுகிறார்கள். அது தவறு. மேல் முடிதான் தோலை வெயிலில் இருந்து காக்கிறது. சீப்பால் வாரி, உதிர்ந்த முடியை எடுத்தால் போதும். நிழலும் தண்ணீரும் எப்போதும் வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கும் மற்ற நோய்களுக்கும் தடுப்பு ஊசி கட்டாயம். வேகவைத்த எலும்பு கூடாது. அது உடைந்து குடலைக் குத்தும். வயிறு நிறையத் தின்றதும் ஓட விடக்கூடாது. வயிறு உப்பிச் சுருண்டு கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து.

இந்த நாய்களிடம் இடுப்பு மூட்டு நோய் அதிகம். ஹோராண்டின் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் தங்களுக்குள்ளேயே இணை சேர்த்துத்தான் இந்த ஜாதியை ஸ்டெபானிட்ஸ் உருவாக்கினார். நெருங்கிய ரத்தத்தில் நல்ல குணம் நிலைக்கும். கெட்டதும் ஒளிந்து நிற்கும். ஆகவே தாய், தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று குட்டி வாங்குகிறவர்கள் இப்போது கேட்கிறார்கள்.

கடைசிக் காலம்

1920-களில் ஜெர்மன் நாய்களே உயரமாகவும் சதுரமாகவும் மாறிக் கொண்டிருந்தன. சில நாய்களுக்குத் தைரியம் குறைந்தது. ஸ்டெபானிட்சுக்குக் கோபம் வந்தது. தலைவராக இருந்த அவர், 1925-ம் ஆண்டுப் போட்டியில் குளோடோ என்ற நாய்க்கு முதல் பரிசு கொடுத்தார். மற்றவற்றைவிட உயரம் குறைந்தது, நீண்ட உடல், உறுதியான குணம். உடனே எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நாயின் உருவமே மாறியது. அவரே கொடுத்த திருப்பத்தைப் பின்னால் வந்தவர்கள் அளவு மீறி இழுத்துவிட்டார்கள். இன்று சில கண்காட்சி நாய்களின் முதுகு சரிவாக இறங்கி, பின்னங்கால் தள்ளாடுகிறது. ஓட்டத்துக்காகவே நாய் வளர்த்த அந்தக் குதிரை வீரர் இதைப் பார்த்தால் பரிசு கொடுத்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

ஸ்டெபானிட்சிடம் குறை இல்லாமல் இல்லை. பிடிவாதக்காரர். சங்கத்தைப் பட்டாளம் போல நடத்தினார். நாயின் வம்சத்தைப் பற்றிப் பேசியவர், மனித இனங்களைப் பற்றியும் பேசப் போய்த் தவறினார். அவர் புத்தகத்தில் யூதர்களைத் தாழ்த்தி எழுதிய இடங்களும் உண்டு. நாய்க்குச் செய்த நல்ல காரியத்துக்காக அதை மறைக்க வேண்டியது இல்லை.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். நாய்ச் சங்கங்களும் நாஜிகளின் பிடிக்குள் போயின. ஓநாய் போன்ற இந்த நாயை அவர்கள் தங்கள் வீரத்தின் அடையாளமாக ஆக்கிக் கொண்டார்கள். கைதி முகாம்களில் மனிதர் மேல் ஏவிவிட்டார்கள். ஆட்டைக் கூடக் காயப்படுத்தாமல் காத்த வம்சம், அந்தக் கதிக்கு வந்தது!

ஸ்டெபானிட்ஸ் அதை எல்லாம் முழுவதும் பார்க்கவில்லை. 36 வருஷம் தலைவராக இருந்தவர், நாஜிகளின் நெருக்கடியில் 1935-ல் பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு இறந்துபோனார். வயது 71.

அவர் இறந்த நாள் 1936-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி. 37 வருஷத்துக்கு முன் அதே தேதியில்தான் அவர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் தொடங்கிய பதிவேட்டில் இன்றும் பெயர்கள் ஏறிக் கொண்டே இருக்கின்றன. ஜெர்மனியில் ஆட்டு மந்தையை உழவுசால் ஓரமாக ஓடிக் காக்கும் நாய்களுக்கு இப்போதும் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிறார்கள்.